ஆயில் சோதனை எதற்கு?

டிராக்டர் என்ஜின் ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். டீசல் கரியைத் தன்னுள் தாங்குவதால் நல்ல ஆயிலும் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுக்கும். நிறம் அளவுகோல் அல்ல.

பழைய ஆயிலை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மாற்றும் காலத்தை நீட்டிக்கலாம் என்பது உண்மையே. ஆனால், ஆயிலின் ஆயுளைப் பார்க்குமுன் என்ஜினின் நோயைப் பார்க்க வேண்டும். கோடை உழவுக்குப்பின் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து உயர்ந்திருந்தால், புழுதி உள்ளே புகுகிறது என்று பொருள். ஏர் கிளீனரையும் அதன் ரப்பர் குழாயையும் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் நீர்த்திருந்தால் டீசல் கலந்திருக்கலாம். தண்ணீர் தென்பட்டால் ஹெட் கேஸ்கட்டைக் கவனிக்க வேண்டும்.

ஒரே அறிக்கையை நம்பிக் காலத்தை நீட்டுவது ஆபத்து. தொடர்ந்து சில சோதனைகள் சீராக இருந்தால் மட்டுமே, சிறிது சிறிதாக நீட்டலாம். வாடகைக்குப் பல வண்டிகள் விடுவோருக்கு இது லாபம். ஒற்றை டிராக்டர் உழவருக்கோ சோதனைக் கட்டணமே மிச்சத்தை விழுங்கிவிடும். கையேட்டில் கண்ட மணிக்கணக்கில் மாற்றுவதே அவருக்குச் சிக்கனம். சில லிட்டர் ஆயிலை மிச்சம் பிடித்து, என்ஜினைப் பிரிக்கும் செலவைத் தேடிக்கொள்ள வேண்டாம்.