வெயில் களிம்புக்கு டாக்டர் சீட்டா?

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. காலையில் மழை. பிறகு மேகம் கலைந்தது, வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் மணிக்கணக்கில் மைதானத்தில் ஓடி ஆடினார்கள்.

வீடு திரும்பிய தன் இரண்டு சிறுமிகளைப் பார்த்ததும் தாய் பதறிப்போனாள். தோல் நெருப்புப் பட்டது போலச் சிவந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள்.

இது நடந்தது அமெரிக்காவில், வாஷிங்டன் மாகாணத்தில், 2012-ம் ஆண்டில்.

ஆசிரியர்கள் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் பள்ளியில் வெயில் களிம்பு பூசக்கூடாது என்பது விதி!

களிம்பு மருந்தா?

கறுத்த தோலுக்கு இயற்கையே ஒரு குடை கொடுத்திருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு அந்தக் குடை மிக மெல்லியது. அதனால்தான் அந்த நாட்டில் 'சன்ஸ்கிரீன்' என்னும் களிம்பைப் பூசிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவில் இது அழகுச் சாமான். அமெரிக்க அரசாங்கமோ இதை மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. கடையில் சோப்பு வாங்குவது போல யாரும் வாங்கலாம். பள்ளி வாசலைத் தாண்டினால் மட்டும், காய்ச்சல் மாத்திரைக்கு உள்ள கட்டுப்பாடு இதற்கும் வந்துவிடுகிறது. இது என்ன நியாயம்?

"வீட்டிலேயே பூசி அனுப்பலாமே!" என்று சிலர் கேட்கலாம். காலையில் பூசியது மத்தியானம் வரை நிற்காது. வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்றுதான்.

சின்ன வயதில் தோல் வெந்தால், பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. களிம்பால் பலன் உண்டா? உண்டு. ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. தினமும் பூசியவர்களிடம் 'மெலனோமா' என்ற கொடிய தோல் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பாதி அளவே கண்டது.

பயமும் பதிலும்

பள்ளிக்கூடங்களின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. ஒரு பிள்ளையின் களிம்பு இன்னொரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கண்ணில் பட்டால் எரியும். ஆசிரியர் பிள்ளையின் உடம்பைத் தொடலாமா என்ற கேள்வியும் இருக்கிறது.

இதற்கெல்லாம் வழி உண்டு. அவரவர் களிம்பு அவரவருக்கு; கை மாற்றக் கூடாது. பெரிய பிள்ளைகள் தாங்களே பூசிக்கொள்ளட்டும். சின்னஞ்சிறுசுகளுக்கு, பெற்றோர் சம்மதித்தால் ஆசிரியர் உதவட்டும். கூடவே தொப்பியும் மர நிழலும் வேண்டும்.

கலிபோர்னியா 2002-லேயே சட்டம் போட்டு வழி காட்டியது. நியூயார்க் 2013-லும், டெக்சாஸ் 2015-லும் சட்டம் செய்தன. அந்தச் சிறுமிகளின் வாஷிங்டன் மாகாணமும் 2017-ல் சட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருஷம் கழித்து வந்தாலும் நல்லதே!

சட்டம் இல்லாத இடங்களிலும் பள்ளி நிர்வாகிகள் யோசிக்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்பாடு இருக்கட்டும். வெயிலுக்குப் பூசும் களிம்புக்கு டாக்டர் சீட்டு எதற்கு? தாயின் ஒரு வரிக் கடிதம் போதாதா?