பல கிளையும் ஒரு கருத்தும்

ஒருவர் ஒரே காலத்துப் பல வினைகளிற் கருத்தூன்றுதல் கூடுமோ என்னும் வினா நம் நாட்டார்க்குப் புதியதன்று. அவதானக் கலையை வளர்த்த முன்னோர் அதற்குச் செய்கையாலேயே விடை கூறினர். நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டிற் சென்னை விக்டோரியா மண்டபத்தே நூறு பொருளிற் கருத்தைச் செலுத்திச் சதாவதானி எனப் புகழ்பெற்றார். இன்று கணிப்பொறி பயிலும் நம் மாணவர் அவ்வினாவையே வேறு வடிவில் எதிர்கொள்கின்றனர்.

லினசு டோர்வால்ட்சு 2005இல் ஆக்கிய கிட் என்னும் கருவியின் துணையால், மூலநிரல் கெடாதவாறு அதினின்றும் பல கிளைகளைப் பிரித்துத் தனித்தனியே திருத்தலாம். பின்னர் அவற்றை மூலத்தோடு இணைக்கலாம். ஒரு களஞ்சியத்தின் கிளைகள் பலவற்றை வெவ்வேறு கோப்புறைகளில் ஒருங்கே திறந்து வைக்கும் வசதி 2015 முதல் அதன்கண் உண்டு. தனித்து உழைப்பார்க்கு இதனாற் பயன் முன்னர்ச் சிறிதே, கைகள் இரண்டேயன்றோ! இப்பொழுதோ, கிளைக்கொன்றாகச் செயற்கை நுண்ணறிவுத் துணைவரை அமர்த்தி, ஒன்றில் பிழை நீக்கவும், மற்றொன்றில் புதுப்பகுதி எழுதவும், வேறொன்றிற் சோதனைகள் இயற்றவும் ஒருங்கே ஏவலாகும். முன்னர்ச் சிலர் கூடிச் செய்த வேலையைத் திட்டக்குடி மாணவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கலாம். இது பெரும்பேறே, இதனை இகழ்வார் கூற்றை நாம் ஏற்கிலேம்.

எனினும், பிரித்தல் எளிது, இணைத்தலே அரிது. நூலகக் கணக்கு நிரலொன்றைக் கருதுவோம். புத்தகம் திருப்பத் தாழ்த்த காலத்தை நாட்கணக்கில் தந்துவந்த பகுதி, ஒரு கிளையில் வாரக்கணக்கில் தருமாறு மாற்றப்படுகின்றது. மற்றொரு கிளையில், அப்பகுதி தரும் எண்ணை நாளெனவே கொண்டு தண்டம் கணக்கிடும் புதுப்பகுதி எழுதப்படுகின்றது. தனித்து நோக்கின் இரண்டும் பிழையற்றன. தத்தம் சோதனையிலும் தேறும். திருத்திய வரிகள் வெவ்வேறாதலின் கிட் தடையின்றி இணைத்துவிடும். விளைவோ, பதினான்கு நாள் தாழ்த்தவர் இரண்டு நாட்கே தண்டம் செலுத்துவர்! வரிகளின் முரணைக் கருவி காட்டும். பொருளின் முரணைக் காண்டல் இணைப்பவர் கடன்.

தொழுதூர் அணைக்கட்டில் திருப்பப்பெற்ற வெள்ளாற்று நீர் வெலிங்டன் ஏரியை அடைந்து, வாய்க்கால் வழியே திட்டக்குடி வட்டாரத்து வயல்களிற் பாய்கின்றது. வாய்க்கால் பலவாயினும், கடைமடை நிலையறியாது மதகு திறப்பாரை உழவர் மெச்சுவரோ?

சதாவதானியார் நூறு பொருளையும் தம் உள்ளத்தே தாங்கினார். துணைவர் பலரை ஏவுவோரோ, ஒன்றையும் உள்ளத்திற் கொள்ளாமலே அவதானியர்போலத் தோன்றுதல் கூடும். அத்தோற்றத்தையே நாம் அஞ்சுகின்றோம். இன்று தண்டக் கணக்கில் நேரும் பிழை, நாளை மருத்துவமனையின் மருந்தளவில் நேரின் யார் பொறுப்பாவார்?

ஆதலின், தாம் படித்தறியும் அளவினும் மிகுதியாகக் கிளை பிரியாதிருத்தல் வேண்டும். ஒவ்வொன்றாக இணைத்து, இணைக்குந்தோறும் முழுநிரலையுஞ் சோதித்தல் வேண்டும். தம் சொல்லால் விளக்கவியலாத வரியை மூலத்திற் சேர்த்தலாகாது. ஆசிரியன்மாரும், முடிந்த நிரலை மட்டும் நோக்கி மதிப்பெண் வழங்காது, இணைத்தமைக்குக் காரணங் கேட்டு அறிவாராக. ஏவலர் எத்துணையராயினும், ஏவினார் கருத்து ஒன்றே. அதனைச் செம்மையுறப் பயிற்றுதலே கல்லூரியின் பணியாம்.