பறிக்கும் நாள் யார் கையில்?

உழவர் இதழில் ஒயினைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. பழத்தை வளர்த்தவரே அதைப் பக்குவம் செய்து விற்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே அடிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1823ல் தொடங்கிய ஒயின் தொழிலை லாகேடர் குடும்பம் இன்றும் அங்கே நடத்துகிறது. சொந்தத் தோட்டத்தில் உயிராற்றல் வேளாண்மை. நம்மில் பலர் போடும் அதே கொம்புச் சாண உரம்தான். குளிர்காலத்தில் கொடிகளுக்கு நடுவே மாடுகளை மேயவிடுகிறார்கள்.

ஒயினுக்கான திராட்சையில் இனிப்பும் புளிப்பும் சரியாகச் சேர்ந்து நிற்பது சில நாட்கள்தான். முந்திப் பறித்தால் பச்சை வாடை; பிந்தினால் சப்பென்று போய்விடும். குலைகள் கூடினால் சாறு நீர்த்துவிடும் என்று தரம் பார்க்கும் குடும்பங்கள் காய்ப்பருவத்திலேயே பாதிக் குலைகளைக்கூட வெட்டிக் கீழே போடுவதுண்டு. எடைக்கு விற்கிற ஒருவர் இப்படிச் செய்தால் ஊரே பைத்தியம் என்று சொல்லும். பாட்டிலாக விற்கிறவருக்கு அது லாபக் கணக்கு.

இப்போ நம்ம ராஜபாளையத்துக்கு வாங்க. சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் பேர்போன ஊர். மலையடிவாரத் தோப்புகளில் பல, பூவிலேயே குத்தகைக்குப் போய்விடுகின்றன. முதலில் சந்தைக்குப் போகிற காய்க்கு நல்ல விலை என்பதால் முத்தும் முன்பே காய் இறங்குகிறது. தடை செய்யப்பட்ட கார்பைடு கல் இன்னும் ஒழிந்தபாடில்லை. தொழு உரம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று வருசம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டு, கடைசிப் பத்து நாளை மட்டும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறோம். கல்லில் பழுத்த அந்தப் பழத்தை ‘இயற்கை மாம்பழம்’ என்று சொல்ல நமக்கு நா எழுமா?

மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒயினுக்கும் ஏற்ற பழம்தான். ஆனால் உரிமம் இல்லாமல் ஒயின் போட்டு விற்றால் குற்றம். மதுக்கடையெல்லாம் 2003 முதல் டாஸ்மாக் வசம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். குறியீடு பெயருக்குக் காவல் நிற்கும். காய் முத்தும்வரை பொறுத்திருக்கும் வேலையை உழவர்தான் செய்தாக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைப் பாருங்கள். பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. ஆனால் அடுப்பிலிருந்து எப்போது இறக்குவது என்பது அவர் கையில் இருக்கிறது. 2019ல் குறியீடு வரும் முன்பே அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் கைதான். நம் மாந்தோப்புக்காரருக்கு அந்த உரிமை இல்லை.

குத்தகை முன்பணம் இல்லாமல் குடும்பம் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆல்ப்ஸிலும் எல்லாருக்கும் லாகேடர் மாதிரி வசதி கிடையாது. அதே பள்ளத்தாக்கின் டெர்லானோவில் சிறு உழவர்கள் 1893லேயே கூட்டுறவாகச் சேர்ந்து ஒயின் செய்யத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்து ஒயினில் பெரும்பங்கு இன்றும் இப்படிப்பட்ட கூட்டுறவுகளில்தான் உருவாகிறது.

முழுத் தோப்பையும் மீட்க வேண்டியதில்லை. பூ எடுத்ததும் குத்தகைப் பேச்சு வரும். அப்போது பஞ்சவர்ணத்தில் பத்து மரத்தை மட்டும் கழித்துப் பேசுங்கள். அந்தக் காயை நீங்களே முத்தவிட்டு, காம்போடு பறித்து, வைக்கோலில் பழுக்க வையுங்கள். பக்கத்துத் தோப்புக்காரர் நாலு பேர் சேர்ந்தால் மதுரைக்கு ஒரு வண்டி வாடகை கட்டுப்படியாகும்.