ரயிலுக்கு ஒரு மேடை

"அம்மா, பாட்டி ரயிலை மிதிச்சுட்டாங்க!" என்று விடிகாலை ஐந்தரை மணிக்குச் சின்னவன் அலறினானே, அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கதை. ரயில் போனால் போகிறது, அத்தை விழுந்திருந்தால்? கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல வேளை, கதவைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கே கட்டிப் பரண் மேல போடு. இனிமே ஹால்ல தண்டவாளத்தைப் பார்த்தேன்னா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பாதியில் நிறுத்தினால் அதற்கு மேல் பேச்சில்லை என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

அந்த ரயில் என் தம்பி ஜெர்மனியிலிருந்து கொண்டு வந்த தாய்மாமன் சீர். நிஜ ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய எச்.ஓ. என்ற அளவு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். தரையில் ஓடவிட்டால் தலைமுடியும் தூசியும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடுகிறது. ஆக, அத்தைக்காகவும் சரி, ரயிலுக்காகவும் சரி, அதற்கு ஒரு மேடை வேண்டும். மேடை கிடைத்தால் பரண் தண்டனை ரத்து என்று இவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

முதலில் கேரம் போர்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். தண்டவாள வட்டம் முக்கால் மீட்டருக்குச் சற்று மேலே வருகிறது, சட்டத்துக்குள் ஓர் அங்குலம் போதவில்லை! கடைசியில் பழைய கட்டிலின் பிளைவுட் பலகைதான் கைகொடுத்தது. ஆனால் வெறும் பலகையில் ரயில் ஓடினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி சத்தம். ஆறு, பள்ளம் எதுவும் தோண்டவும் முடியாது. தம்பியைக் கேட்டால், "அதுக்கு மேல ஃபோம் பலகை ஒட்டணும்க்கா. இங்கே குளிர் தாங்க வீட்டுச் சுவருக்கு வைக்கிற பலகை இருக்கு, அதுலதான் எல்லாரும் செய்றாங்க" என்றான்.

இங்கே கோயமுத்தூரிலும் அது இல்லாமலில்லை. மொட்டை மாடியில் வெயில் இறங்காமலிருக்கப் போடுகிறார்கள். போய் விசாரித்தால் கட்டுக் கட்டாகத்தான் தருவார்களாம். அவர்கள் சொன்ன விலையில் மாதத்துப் பால் கணக்கையே தீர்த்துவிடலாம். சரி, கொலுவுக்கு மலை கட்டுகிற தெர்மாகோல் இருக்கிறதே என்று கடைவீதிக்குப் போனேன். "இல்லீங்கம்மா, அலங்காரத்துக்கு அதை விக்கக் கூடாதுங்க. பிடிச்சா அபராதம்ங்க" என்றார் கடைக்காரர். உண்மைதான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்த பிளாஸ்டிக் சாமான்களில் அலங்காரத் தெர்மாகோலும் ஒன்று. மட்காத பொருள், ஒரு நாள் அலங்காரத்துக்குப் பிறகு சாக்கடையை அடைப்பதுதான் அதன் வேலை.

வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் பெட்டி குப்பை வண்டிக்குக் காத்திருந்தது. உள்ளே பார்த்தால் இரண்டு அங்குலக் கனத்தில் அத்தனையும் தெர்மாகோல்! கடையில் தேடியதெல்லாம் தெருவிலேயே இருந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. என்று ஏதாவது ஒரு வீட்டில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டே வாரத்தில் எனக்கு வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. அழுத்தினால் உதிராமல் கெட்டியாக இருப்பதைத் தண்டவாளத்தின் அடியிலும், பொலபொலவென்று உதிர்வதை மலைக்குள்ளேயும் வைத்துக்கொண்டோம். ஸ்டேஷன், பாலம் எல்லாம் செய்ய, பெயர்ப் பலகை செய்கிற கடையில் சன்போர்டு வெட்டுத் துண்டுகள் ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார்கள்.

இதற்குப் பிறகுதான் நான் செய்த தப்பு. நவராத்திரிக்கென்று நாத்தனார் மகள் ஒன்றே கால் வயசுக் குழந்தையோடு வந்திருந்தாள். நான் பாட்டுக்கு ஹாலில் ஃபேனைப் போட்டுக்கொண்டு, ரொட்டி அறுக்கும் கத்தியால் தெர்மாகோலை அறுத்தேன். முத்து முத்தாக வீடெல்லாம் பறந்தது. துடைப்பத்தால் கூட்டினால் துடைப்பத்திலேயே ஒட்டிக்கொண்டு சிரிக்கிறது. குழந்தை வாயை மூடிக்கொண்டு எதையோ மெல்லுகிறாளே என்று விரலைவிட்டுப் பார்த்தால் மூன்று மணிகள்! அன்று இரவு பூராவும் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை என்ற பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமலோ இழுப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தாலும், உள்ளே எதையோ போட்டுக்கொண்டிருக்கலாம். ஹேர்பின்னால் நோண்டவே கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இந்த மணி எக்ஸ்ரேயில்கூடச் சுலபத்தில் தெரியாது.

அதற்கப்புறம் அறுக்கிற வேலையெல்லாம் மாடியில், குழந்தை தூங்கும்போதுதான். பேப்பர் கட்டர் கத்தியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டு, ஒரே அழுத்தாக அழுத்தாமல் நாலைந்து தடவை மெல்ல இழுத்தால் மணி அவ்வளவாக உதிர்வதில்லை. கீச்சுக் கீச்சென்ற சத்தமும் குறைகிறது. உதிர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். கத்தியைச் சுட வைத்து அறுத்தால் வெண்ணெய் மாதிரி வருமென்று பெரியவன் அடுப்பில் காட்டினான். ஒரே புகை, நாற்றம். அத்தைக்கோ இழுப்புத் தொந்தரவு. அது ஸ்டைரீன் என்ற கெட்ட வாயு, வீட்டுக்குள் அந்த வேலையே வேண்டாம்.

பசையிலும் ஒரு பாடம் படித்தோம். செருப்பு ஒட்டும் பசையைத் தடவிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிட்டது. ஸ்ப்ரே பெயின்ட், நெயில்பாலிஷ் ரிமூவர் பட்டாலும் இதே கதிதான். வெள்ளைப் பசைதான் சரி. ஆனால் இரண்டு தெர்மாகோலுக்கு நடுவே காற்றுப் புகாததால் அது காயவே காயாது. மெல்லிசாகத் தடவி, தென்னந்துடைப்பத்துக் குச்சியை நாலு இடத்தில் குத்தி, இரண்டு நாள் தொடாமல் வைத்தால் அசையாது. ஒயர் விஷயம் தம்பி சொன்னது: சாதாரண பி.வி.சி. ஒயரைத் தெர்மாகோலில் பதித்துவிட்டால் நாளடைவில் தெர்மாகோல் இளகும், ஒயரின் உறையும் வெடித்துப்போகும். அதனால் ஒயர்களைப் பலகைக்கு அடியிலேயே கொண்டுபோனோம். கரண்டுப் பெட்டி சூடாகும், அதையும் தெர்மாகோல் மேல் வைக்காமல் தனியே ஸ்டூலில் வைத்தாயிற்று.

சின்னவனுக்கு ஊட்டி ரயில்தான் வேண்டுமாம். கிடுகிடுவென்று ஏற்றம் வைத்தான். எஞ்சின் சக்கரம் சுற்றுகிறதே தவிர நகரவில்லை. முகம் வாடிவிட்டது. நிஜ மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் போட்டு, எஞ்சினில் பல் சக்கரம் வைத்திருக்கிறார்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை அது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நம் பொம்மை எஞ்சினுக்குப் பல் ஏது? ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம் வைக்காதே என்று தம்பி சொன்னபடி, அறுத்த துண்டுகளை அரை அரை சென்டிமீட்டராக அடுக்கினோம். ஏறிவிட்டது! அன்று பையன் ராத்திரிச் சாப்பாட்டை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மலை என் இலாகா. பழைய வேட்டியைக் கிழித்து மைதாப் பசையில் முக்கித் தெர்மாகோல் மேல் போர்த்தினேன். மணி உதிர்வதும் அதோடு நின்றது. பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். விஷமாச்சே, குழந்தை உள்ள வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். மிச்சம் கிடந்த டிஸ்டம்பரில் பச்சையும் காவியும் அடித்து, சரிவில் காயவைத்த டீத்தூளைத் தூவினேன். நீலகிரிக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே! தேய்த்துப் போட்ட மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் புல்.

கொலுப்படிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், பழைய தையல் மேஜை மேல் மேடை உட்கார்ந்தது. பசையும் ஒரு கட்டு ஈயக்கம்பியும் தவிர காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. குத்துவிளக்கை மட்டும் அந்தப் பக்கம் வைக்கவிடவில்லை. தெர்மாகோல் பற்றிக்கொண்டால் உருகி எரிந்துகொண்டே சொட்டும், கைக்கு அடங்காது. விளக்கு கூடத்தின் அடுத்த மூலைக்குப் போனதில் அத்தைக்கு முதலில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இப்போது சாயங்காலமானால் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுப்பது நான், "இது கல்லாறு, அது குன்னூர்" என்று காட்டுவது அவர்கள்.