சுவரில் சிரிக்கும் ஏழை

ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அறிஞர் அண்ணாவின் சிந்தனையில் பிறந்த வாசகம். 1970-இல் தொடங்கப்பட்ட தமிழகக் குடிசை மாற்று வாரியம் அதையே தன் குறிக்கோளாக ஏற்றது. மிகச் சிறியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவரின் சீடர்களாகிய நமக்கு அது அந்நியமான வாசகம் அன்று. ஆனால் அந்தச் சிரிப்பை இன்று எங்கே காண்கிறோம்? சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில், அடுக்குமாடிச் சுவர்களில், வண்ணச் சாயத்தில் காண்கிறோம்.

கண்ணகி நகர் தானாக முளைத்த ஊர் அன்று. கூவம், அடையாறு முதலிய நீர்க்கரைகளிலும் நகரின் பிற இடங்களிலும் வாழ்ந்த எளியோர் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அங்குள்ள சிறு வீடுகள் 15,000-க்கும் மேல். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் நடந்தே சென்றவர்களுக்குப் பிழைப்பு பேருந்துத் தொலைவாயிற்று. பிள்ளைகளின் பள்ளி மாறியது. பலருக்குப் படிப்பே நின்றது. ஊரின் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்கியவர்களும் உண்டு. 2020-இல் அதே வீடுகளின் புறச்சுவர்களில் ஓவியர்கள் பெரும் சித்திரங்களைத் தீட்டினர். அந்த இடம் கலை மாவட்டம் என்ற பெயரையும் பெற்றது.

ஓவியரை நான் பழிக்கவில்லை. பழிச்சொல் சுமந்த ஊருக்கு அந்த வண்ணங்கள் சிறிது பெருமை சேர்த்திருப்பதையும் மறுக்கவில்லை. "நகரம் அழகு பெற்றால் ஏழைக்கும் நல்லதுதானே?" என்று கேட்போர் உளர். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அழகு வேண்டும் என்பதற்காக ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு, அழகையே ஈடாகக் கொடுப்பது எப்படி நீதியாகும்? வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது அவர் சுண்ணாம்பின்மீது சினம் கொள்ளவில்லை. அது மறைத்ததன்மீதே சினம் கொண்டார்.

திருச்சபைக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில் மர்சேய் நகர ஆயர் செரெனுஸ் ஆலயப் படங்களை உடைத்தெறிந்தார். திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்து மடல் வரைந்தார். எழுத்தறிந்தவருக்கு நூல் எதுவோ, எழுத்தறியாதவருக்குப் படம் அதுவே என்பது அவர் கருத்து. அங்கே ஏழை வாசகன். படம் அவனுக்காக இருந்தது. இங்கோ ஏழையே படமாகிவிட்டான். அவனைக் கண்டு களிக்க வேறு சிலர் வருகின்றனர்.

பொது இடத்துக் கலை வேறுவிதமாகவும் அமையக்கூடும். சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த நால்வரும் பாறையைப் புரட்டுகிறார்கள். தலைவர்கள் வரிசையாக நிற்கும் அச்சாலையில் பெயரில்லாதவர்கள் அவர்கள் மட்டுமே. சுமை தூக்கிவிட்டு வீடு திரும்பும் ஒருவன் அங்கே தன் முதுகையும் தன் தோளையும் அடையாளம் காணலாம்.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. தெருமுனைகளில் நாம் எழுப்பும் கெபிகளும் பொது இடத்துக் கலையே. அவற்றில் அன்னையின் திருமுகத்தைவிடப் பெரிதாகத் தெரிவது எது? கருங்கல் பலகை. நன்கொடையாளர் பெயர், அர்ச்சித்தவர் பெயர், பங்குத்தந்தை பெயர். அப்படிப்பட்ட பலகையில் என் பெயரும் உண்டு. அந்தத் தெருவில் வாழும் பிற சமயத்தவரை, அந்த நடைபாதையில் கடை விரித்திருந்த கிழவியை, நாம் கேட்டோமா? பல இடங்களில் கேட்கவில்லை. அவளை எழுப்பிவிட்டுத்தான் நாசரேத்தூர் ஏழைப்பெண்ணை அங்கே நிறுத்தினோம்.

ஆகவே இறைமக்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த கெபிக்கு அடிக்கல் இடுமுன், அந்தத் தெருவில் வாழ்வோரைச் சமயம் பாராது கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், பெயர்ப்பலகைக்கு ஆகும் பணத்தில் அருகே ஒரு குடிநீர்க் குழாயும், நிழலில் அமர ஒரு திண்ணையும் அமையுங்கள். சுவரில் தீட்டிய சிரிப்பு சில கோடைகளில் வெளுத்துவிடும். இறைவனைக் காண விரும்புவோர் அச்சுவருக்குப் பின்னால் உள்ள கதவைத்தான் தட்ட வேண்டும்.