சிம்ரன்ட தமிழும் எங்கட சிரிப்பும்

2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில சிம்ரன் சென்னை அம்மா. தத்தெடுத்து வளர்த்த மகளோட, அவளைப் பெத்த தாயைத் தேடி மாங்குளத்துக்கு வாறா. 23 வருசம் கழிச்சு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில அதே சிம்ரன் இலங்கை அம்மா. பொருளாதார நெருக்கடி தாங்கேலாமல் குடும்பத்தோட களவாப் படகேறி ராமேஸ்வரத்துக்குப் போறா. சண்டை நடக்கக்குள்ள இங்க வந்த ஆள், சண்டை முடிஞ்ச மறுகா அங்க ஓடுறா. இதை வச்சே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனா நான் சொல்ல வந்தது வேற.

படத்தை ஹொஸ்டல் அறையில ஒரு லெப்டொப்பில ஆறு பேர் நெருக்கியடிச்சுப் பார்த்தம். நாலு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி ஹற்றன், நான் மட்டக்களப்பு. சசிகுமார் வாயைத் திறந்த உடனயே விமர்சனம் தொடங்கிட்டு. “இப்பிடியே நாங்கள் கதைக்கிறது?”

கோபம் நியாயம்தான். 2000இல் வந்த ‘தெனாலி’யில இருந்து இதைப் பார்த்துக்கொண்டு வாறம். கமல் நல்லாப் பழகித்தான் கதைச்சார், மறுக்கல்ல. ஆனா யுத்தத்தால வந்த பயமும் பகிடி, அவர் கதைக்கிற தமிழும் பகிடி. இந்தியாவுக்குப் படிக்கப் போன என்ட மச்சாளிட்ட முதல் கிழமையே “தெனாலி மாதிரிப் பேசுறீங்க” எண்டு சொன்னாங்களாம். படம் வந்த நேரம் அவள் பிறக்கவே இல்ல.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ அந்த விசயத்தில ஒரு படி மேல. இதில எங்கட தமிழ் பகிடி இல்ல, ஆபத்து. வாயைத் திறந்தா பிடிபட்டிருவீங்க, கேட்டா கேரளா எண்டு சொல்லுங்க எண்டு யோகி பாபு சொல்லிக் குடுக்கிறார். தமிழ் கதைக்கிற ஊரில தமிழை ஒளிச்சு வைக்க வேண்டிய நிலைமை. அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் எண்டு நம்பேலாது. எனக்குப் பிடிக்காதது அதில இருக்கிற அளவுக்கு மிஞ்சின இனிப்புத்தான். 2022இல உண்மையாவே படகில போன ஆக்களைக் கொண்டுபோய் மண்டபம் முகாமில விட்டாங்க. படத்தில கரையில மறிச்ச பொலிஸ்காரர் இரக்கப்பட்டு விட்டிடுறார்.

இடையில ஒரு ஃபோன் வந்து நான் வெளிய போய்ட்டன். திரும்பி வந்து “மறுகா என்ன நடந்த?” எண்டு கேட்டன். நாலு பேரும் சிரிச்சாங்க. “மறுகா, மறுகா” எண்டு ஒருத்தி ராகம் வேற போட்டாள். அஞ்சு நிமிசத்துக்கு முதல் சசிகுமாரைத் திட்டின அதே வாய்.

ஹற்றன்காரி சிரிக்கல்ல. அவளுக்கு முதல் வருசம் நடந்ததை நான் மறக்கல்ல. “ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” எண்டு அவள் வந்து நிற்க, எங்களுக்கு ஏசப் போறாளோ எண்டு நாங்க முழிச்சம். எங்கட பக்கம் ‘பேசுறது’ எண்டா ஏசுறதுதானே. அது பெரிய பகிடியாப் போச்சு. “நீ இந்தியாக்காரி மாதிரி” எண்டாங்க. அவளின்ட ஆக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருசம் எண்டு 2023இல நினைவுகூரினது எங்கட கம்பஸ் வாழ்க்கைக்குள்ள வரவே இல்ல. அண்டைக்கு நானும் சிரிச்சன். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதேலாது.

இப்ப அவள் எங்களோட “கதைக்கிறன்” எண்டுதான் சொல்லுவாள். கொரிடோரில நிண்டு வீட்டுக்கு ஃபோன் எடுக்கக்குள்ள மட்டும் “பேசுறேன்” வரும். யோகி பாபு சீன் எப்பிடி எண்டு படம் முடிஞ்சு கேட்டன். “எனக்கு அது புதுசு இல்லடி” எண்டாள்.

இந்தியப் படத்தில வாற ‘இலங்கைத் தமிழ்’ எப்பவும் ஒண்டுதான், அது யாழ்ப்பாணம். அதைச் சரியாக் கதைக்கல்ல எண்டு எங்கட ஆக்கள் பக்கம் பக்கமா எழுதுவாங்க. மட்டக்களப்பு எங்க, ஹற்றன் எங்க எண்டு கேட்டு ஒரு ஸ்டேட்டஸ்கூட நான் கண்டதில்ல.

வாற சனிக்கிழமை அறையில ‘தீபன்’ போடுறதாப் பிளான். 2015இல கான் விழாவில தங்கப்பனை எடுத்த படம், அதோட ஷோபாசக்தி அல்லைப்பிட்டி ஆள். அதால தமிழில பிழை பிடிக்கேலாது எண்டு நாலு பேரும் இப்பவே சொல்லிட்டாங்க. யாழினியா நடிச்ச காளீஸ்வரி சீனிவாசன் சென்னைக்காரி எண்டு நான் இன்னும் ஒருத்திக்கும் சொல்லல்ல.