இந்த வருஷம் மாமா தோள் காலி!

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வயசை அழகரை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். "அழகர் ஆத்துல இறங்கினப்ப இவ கைக்குழந்தை." "2019-ல தேர் அன்னிக்கே ஓட்டுப் போட்டோமே, அந்த வருஷம் இவன் மாமா தோள்ல இருந்தான்." இப்படித்தான் அம்மா சொல்வார். பேரன் பேத்தி பிறந்த தேதி கேட்டால் யோசிப்பார். எந்த வருஷம் யார் எங்கே நின்று அழகரைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பட்டென்று பதில் வரும்.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். சித்திரைத் திருவிழா வந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதுரை செல்லூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த 2025-லும் அப்படித்தான். ஏப்ரல் 29 கொடியேற்றத்துக்கு முதல் நாள் வந்து இறங்கினேன். வீட்டில் அக்கா, டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாமா, எங்கள் அம்மா, ப்ளஸ் டூ எழுதி முடித்த மூத்தவள், ஐந்தாம் வகுப்பு முடித்த சின்னவன். எப்போதும் போல ஒரு மாதம் சத்தமாக ஓடும் என்று நினைத்தேன். சத்தம் குறைந்திருந்தது.

சாத்திய கதவு

போன வருஷம் வரை நான் பையை இறக்கி வைப்பதற்குள் "சித்தி, என்ன வாங்கிட்டு வந்த?" என்று இரண்டு பேரும் ஜிப்பைத் திறந்துவிடுவார்கள். இந்த முறை மூத்தவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "டிராஃபிக்கா இருந்துச்சா சித்தி?" என்று பெரிய மனுஷி மாதிரி விசாரித்தாள். பிறகு உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவன் காலையில் சைக்கிளை எடுத்தால் மத்தியானம்தான் வருகிறான். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்ததிலிருந்து அக்காதான் அவனை அங்கே கூட்டிப் போவாள். இப்போது நண்பர்களோடு போகிறான். "நீ வர வேணாம்மா, நாங்களே போய்க்குவோம்" என்று அவன் சொன்னபோது, அக்கா கையில் ஏற்கெனவே தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை அவன் பையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு மாதத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து பார்த்தேன்.

ஒரே நாளில் கல்யாணமும் ரிசல்ட்டும்

மே 8-ம் தேதியை நான் மறக்கவே மாட்டேன். காலை எட்டரை மணிக்கு மேல் மீனாட்சி திருக்கல்யாணம். ஒன்பது மணிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். முதலில் 9-ம் தேதி என்று அறிவித்திருந்த ரிசல்ட்டை ஒரு நாள் முன்னதாகக் கொண்டுவந்துவிட்டார்கள். என் லேப்டாப்பில் ஒரு பக்கம் திருக்கல்யாண லைவ், இன்னொரு பக்கம் ரிசல்ட் லைவ். ஹாலில் டிவி. அதற்கு முன்னால் புதுத் தாலிக் கயிறோடு அக்கா.

மதுரையில் அன்று பல வீடுகளில் அப்படித்தான். அம்மன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் பெண்களும் புதுக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அக்காவும் மாற்றினாள். மஞ்சள் ஈரம் காய்வதற்குள் மூத்தவள் போனைப் பார்த்துக் கத்தினாள். 600-க்கு 531. மாமா பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார். சின்னவன் அக்காவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இரண்டு பேரும் சோபாவில் விழுந்தார்கள்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை இருந்தது. மாமா வாங்கி வந்த ஜிகர்தண்டாவைக் குடித்துக்கொண்டே, "அப்பா, அக்ரிக்குத்தான் அப்ளை பண்ணப் போறேன். முதல் சாய்ஸ் கோயம்புத்தூர்" என்றாள் மூத்தவள்.

"ஒத்தக்கடையில இருக்கதும் அக்ரி காலேஜ்தானே?"

அவளுக்கு விவசாயப் படிப்பு ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் அம்மாவின் ஊர். சோழவந்தான் பக்கம். வைகைத் தண்ணீர் பாயும் நெல் வயல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வெற்றிலைதான். லீவுக்குப் போனால் அகத்தி மரத்தில் கொடி ஏறும் நிழலில்தான் இவள் விளையாடுவாள். ஒரு வருஷம் பெரிய மாமாவின் கொடிக்காலில் வாடல் வந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடிகள் கருகிப்போயின. "ஏன் காஞ்சுச்சு?" என்று அன்று கேட்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

மாமாவுக்குப் படிப்பில் தடையில்லை. ஊரில்தான். "ஒத்தக்கடையில இருக்கதும் அக்ரி காலேஜ்தானே? 1965-லயே வந்த காலேஜ். யானைமலைப் பக்கம். காலையில டவுன் பஸ் ஏறுனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். எதுக்கு ஹாஸ்டலு?"

நியாயமான கேள்விதான். மூத்தவளின் பதிலும் நேர்மையாக இருந்தது. "ரெண்டும் ஒரே யுனிவர்சிட்டிதான்ப்பா. ஆனா நான் வேற ஊர்ல இருந்து பாக்கணும்."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அதன்பிறகு மூன்று நாள் அவளிடம் நேராகப் பேசவில்லை. "அவ சாப்டாளா?" என்று அக்காவிடம் கேட்பார். "அப்பாவுக்கு சட்டை அயர்ன் பண்ணிட்டேன்" என்று அவளும் அக்காவிடம் சொல்வாள். நடுவில் அக்கா தபால்காரி வேலை பார்த்தாள்.

ஒரு ராத்திரி மொட்டை மாடியில் அக்காவும் நானும் படுத்திருந்தோம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்திருந்தது, தரை இன்னும் சுட்டது. "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதிலில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது சொன்னாள்:

"எனக்கும் வெளியூர்ல படிக்க ஆசை இருந்துச்சுடி. நான் கேட்கவே இல்ல. கேட்டிருந்தா அப்பா விட்டிருப்பாரோ என்னவோ. நீ கேட்ட, விட்டாரு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டிப்ளமோ படிக்க நான் சென்னை கிளம்பிய அன்று மாட்டுத்தாவணியில் பஸ் நகரும்வரை அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தது மட்டும் ஞாபகம் வந்தது. அன்று அது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா இப்போது இல்லை.

தாமதமாக வரும் அண்ணன்

அழகர் கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு அழகர்மலையிலிருந்து அண்ணன் கிளம்புகிறார். வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கோபத்தில் ஊருக்குள் வராமல் ஆற்றில் இறங்கி, அப்படியே வண்டியூர் போய்விடுகிறார்.

வேலைக்காக இதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். கோயில் புராணப்படி அழகர் வருவது கல்யாணத்துக்கே இல்லை. சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்க வருகிறார். முன்பெல்லாம் அவர் இறங்கியது சோழவந்தான் பக்கம் இருக்கும் தேனூரில். மதுரையில் மீனாட்சி கல்யாணம் நடந்ததோ மாசி மாதத்தில். 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தார் என்கிறார்கள். இரண்டு விழாவும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததும், ஜனங்கள் அதை ஒரு குடும்பக் கதையாக்கிவிட்டார்கள். லேட்டாக வருகிற அண்ணன், கோபம், சமாதானம் எல்லாம் அவர்கள் சேர்த்தது. தங்கள் வீட்டில் பார்த்ததைத்தானே சேர்த்திருப்பார்கள்?

மே 11, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எதிர்சேவை. மலையிலிருந்து இறங்கி வரும் அழகரை ஊர் எல்லையில் எதிர்கொண்டு அழைப்பதுதான் எதிர்சேவை. மூத்தவள் முதல்முறையாக, "நான் ஃப்ரெண்ட்ஸோட தல்லாகுளம் போறேன்" என்றாள். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். "போன்ல சார்ஜ் இருக்கா கேளு" என்றார்.

அவள் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து, "பெட்ரோல் போட்டு வரேன்" என்று மாமாவும் வண்டியை எடுத்தார். வண்டியோ, ராத்திரி பன்னிரண்டு மணி வரை பெட்ரோலோ அந்தக் கூட்டத்தில் நகர வழியே கிடையாது. அவள் வந்து பத்து நிமிஷம் கழித்து மாமாவும் வந்தார். சட்டை முழுக்க ஈரம். அழகர் வேஷம் போட்டவர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடத்தில்தான் பெட்ரோல் போட்டிருக்கிறார் போல. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில்

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் வைகைக்கரையில். அக்கா கையில் சர்க்கரை நிரப்பிய செம்பு, மேலே சூடம். தங்கக் குதிரை வரும் திசையில் எல்லாத் தலையும் திரும்பியிருந்தது. மாமா பழக்கத்தில் குனிந்து, "வாடா, ஏறு" என்றார்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான் சின்னவன். போனை உயர்த்திப் பிடித்தபடி, "அப்பா, குனிஞ்சே இருங்க. மறைக்குது."

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஆனால் நிமிர்ந்த பிறகும் அவர் கை தோளிலேயே இருந்தது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அப்போது சின்னவனுக்கு ஆறு, ஏழு வயது. தோளில் தூக்குவதற்கென்றே உள்ள வயது. "ரெண்டு வருஷம் போச்சு" என்று மாமா அடிக்கடி சொல்வார். எதைச் சொல்கிறார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பக்கத்தில் ஒரு பாட்டி. கையில் நாலு வயசுப் பேத்தி. பிள்ளைக்கு முன்னால் வெறும் முதுகுகள்தான். "ஆத்தா, பிள்ளையைக் கொஞ்சம் கொடுங்க" என்று மாமா கேட்டார். அழகர் ஆற்றில் இறங்கியபோது அந்தப் பிள்ளை மாமாவின் தோளில் இருந்து இரண்டு கையையும் தட்டியது. மூத்தவள் அழகரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கணக்கு

வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்த அம்மா, யாரிடம் என்று சொல்லாமல் பேச ஆரம்பித்தார்.

"அழகரு மட்டும் என்ன, மீனாட்சி வீட்டுக்குப் பக்கத்துலயா இருக்காரு? இருபது கிலோமீட்டர் தள்ளி மலையிலதான் கிடக்காரு. வருஷத்துக்கு ஒருக்கா வாராரு. அவரு அங்க இருக்கப் போய்த்தானே இம்புட்டுச் சனம் எதிர்ல போயி நிக்குது?"

மாமா பேப்பரைத் திருப்பினார். பதில் சொல்லவில்லை.

எனக்கு அம்மா சொன்னது அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது பெற்றவர்கள் வேலை தூக்கிச் சுமப்பது. அப்புறம் கையைப் பிடிப்பது. அப்புறம் பத்தடி பின்னால், பெட்ரோல் போடுகிற சாக்கில் வருவது. அதற்கும் அப்புறம் இருப்பது எதிர்சேவை. கிளம்பி வருகிறவர்களுக்காக எல்லை வரை போய் நிற்பது. அதற்கும் தோளில் தூக்கின அதே பாசம்தான் வேண்டும். கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

அதே நேரம் அக்கா சொன்னதும் நிற்கிறது. கேட்காமலே போன ஆசைகள் எத்தனை வீட்டில் மொட்டை மாடியில் படுத்திருக்கின்றனவோ! இந்த வீட்டில் ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். அதற்காகவே அவளைக் கொஞ்சம் மெச்சிக்கொள்ளலாம்.

மே 14-ம் தேதி சித்திரை முடிந்தது. நான் இதை எழுதும்போது முடிவு எதுவும் ஆகவில்லை. விண்ணப்பம் போட்டாயிற்று. இரண்டு கல்லூரியும் அவள் பட்டியலில் இருக்கின்றன. மார்க்கும் கவுன்சலிங்கும் என்ன சொல்லும் என்று தெரியாது. ஜூன் 2-ம் தேதி சின்னவனுக்கு ஆறாம் வகுப்பு ஆரம்பம். புதுப் பள்ளிக்குத் தனியாகத்தான் போவேன் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, இந்த முறை நேராக மூத்தவளிடமே கேட்டார்:

"கோயம்புத்தூர்ல சாயங்காலம் காலேஜ் விட்டு ஏறுனா, ஆரப்பாளையத்துக்கு எத்தனை மணிக்கு வரும்?"

"அஞ்சு மணி நேரம்ப்பா. பத்து, பதினொண்ணு ஆகும்."

"ராத்திரியா?" மாமா ரசத்தைப் பிசைந்தார். "சரி. வண்டி இருக்குல்ல."